பழைய ரோஜாக்களுக்கு வேலி போடாத மனிதர்: கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ், ஒரு நிகழ்வு ஆய்வு

பெயர் பெற்ற ரோஜா ஒன்றை விதையால் காப்பாற்ற முடியாது. விதை முளைக்கும், செடியும் வளரும், பூக்கவும் பூக்கும். ஆனால் அது வேறொரு ரோஜாவாக இருக்கும். தாயின் சாயல் கொஞ்சம் இருக்கலாம், அவ்வளவுதான். அதே ரோஜா வேண்டுமென்றால் அந்தச் செடியிலிருந்தே குச்சி வெட்டி நட வேண்டும், அல்லது அதன் மொட்டை எடுத்து வேறொரு செடியில் ஒட்டுக்கட்ட வேண்டும். ஆக, நானூறு ஆண்டுக்கு முன் பிறந்த ஒரு ரோஜா இன்று உயிரோடு இருக்கிறதென்றால், அந்த ஒரே செடியின் கையையும் காலையும் யாரோ தலைமுறை தலைமுறையாக வெட்டி நட்டுக்கொண்டே வந்திருக்கிறார்கள் என்று பொருள். நடுவில் ஒரு தலைமுறை சும்மா இருந்துவிட்டால் கதை முடிந்தது.

இங்கிலாந்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கிட்டத்தட்ட அதுதான் நடந்தது. நூற்றுக்கணக்கான பழைய ரகங்கள் நர்சரி அட்டவணைகளிலிருந்து போய்விட்டன. அந்த ரகங்களில் பலவற்றை இன்று யார் வேண்டுமானாலும் காசு கொடுத்து வாங்கலாம். இடையில் என்ன நடந்தது என்று தேடிப் போனால் பல பெயர்கள் வரும். ஆனால் எல்லாப் பாதைகளும் போய்ச் சேரும் ஒரு பெயர் உண்டு: கிரஹாம் ஸ்டூவர்ட் தாமஸ் (1909–2003).

அவர் வாழ்க்கையை ஒரு நிகழ்வாக எடுத்து ஆராய எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. பழைய ரோஜாக்களை நேசித்தவர்கள் எத்தனையோ பேர். அவரைவிட அதிகப் பணமும் பெரிய தோட்டமும் வைத்திருந்தவர்கள் உண்டு. அவர்களில் பலருடைய சேகரிப்பு அவர்களோடே போய்விட்டது. இவருடையது ஏன் போகவில்லை?

எப்படித் தொலைந்தன

பழைய ரோஜா என்றால் என்ன என்பதற்கு ரோஜாக்காரர்கள் ஒரு கோடு வைத்திருக்கிறார்கள்: 1867. அந்த ஆண்டு பிரான்சின் லியோன் நகரத்துக் கியோ என்பவர் 'லா பிரான்ஸ்' என்ற ரோஜாவை வெளியிட்டார். ஹைப்ரிட் டீ என்று இன்று அழைக்கப்படும் வகையில் முதலாவது என்று அதைக் கொள்வது வழக்கம். அதற்கு முன்பே இருந்த குடும்பங்களான காலிக்கா, டமாஸ்க், ஆல்பா, சென்டிஃபோலியா, மாஸ், போர்ட்லண்ட், பூர்பன், நாய்செட் போன்றவை பழைய ரோஜாக்கள். கோடு குடும்பத்துக்குத்தான், தனிச் செடிக்கு அல்ல. 1867க்குப் பிறகு பிறந்த ஒரு பூர்பன் ரோஜாவும் பழைய ரோஜாதான்.

ஐரோப்பாவின் பழைய வகைகளில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரே முறை பூப்பவை. ஜூன் மாதம் சில வாரங்கள் செடி தெரியாமல் பூத்துத் தள்ளும், அப்புறம் அடுத்த ஜூன்தான். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சீனத்து ரோஜாக்கள் ஐரோப்பாவுக்கு வந்தன. திரும்பத் திரும்பப் பூக்கும் குணம் அவற்றின் ரத்தத்தில் இருந்தது. கலப்பினங்கள் பெருகின. விக்டோரியா காலத்தில் ரோஜாக் கண்காட்சிகள் பெருவழக்காயின. 1876இல் இங்கிலாந்தில் தேசிய ரோஜா சங்கமே ஏற்பட்டது. கண்காட்சியில் செடியைக் கொண்டுபோய் வைப்பதில்லை. தனிப் பூவை வெட்டிப் பெட்டியில் செருகி வைப்பார்கள். நீண்ட காம்பு, நடுவே உயர்ந்து கூர்ந்த மொட்டு, பெரிய பூ, இவற்றுக்குத்தான் பரிசு. தட்டையாக விரிந்து, இதழ்கள் நாலாக மடிந்து, தலை கவிழ்ந்து நிற்கும் பழைய ரோஜா அங்கே எடுபடாது. 1900இல் பிரெஞ்சு ரோஜா வளர்ப்பாளர் பெர்னே-டூஷே வெளியிட்ட 'சோலெய் தோர்' தோட்ட ரோஜாவுக்கு அடர் மஞ்சளைக் கொண்டுவந்தது. கூடவே கரும்புள்ளி நோய்க்கு இளகிய உடம்பையும் கொண்டுவந்தது. ஆரஞ்சும் செம்மஞ்சளும் வந்த பிறகு மங்கிய ஊதா, சாம்பல் கலந்த சிவப்பு எல்லாம் பாட்டி காலத்துச் சேலை போல ஆகிவிட்டன.

இன்னொரு காரணத்தை யாரும் அதிகம் பேசுவதில்லை: கவாத்து. ஹைப்ரிட் டீ ரோஜா அந்த ஆண்டு விடும் புதுக்கிளையில் பூக்கும். ஆகவே குளிர்காலத்தின் முடிவில் ஒட்ட வெட்டிவிடலாம். ஒருமுறை பூக்கும் பழைய ரோஜாவோ முந்தைய ஆண்டுக் கிளையில் பூக்கும். புதிய முறையில் பழகிய கை பழைய செடியையும் அதேபோல் வெட்டினால், வரவேண்டிய பூவையெல்லாம் வெட்டி எறிந்ததாகிவிடும். அப்புறம் "இது பூக்காத சனியன்" என்று வேரோடு பிடுங்க எவ்வளவு நேரமாகும்?

பிறகு போர்கள். இரண்டாம் உலகப் போரின்போது பிரிட்டனின் நர்சரிகள் தங்கள் நிலத்தின் பெரும்பகுதியை உணவுப் பயிருக்கு மாற்ற வேண்டியிருந்தது. விற்காத ரோஜாவுக்கு இடம் கேட்க அப்போது யாருக்கு வாய் வரும்?

ஃபுக்சியாத் தொட்டியிலிருந்து சோபம் வரை

தாமஸ் 1909 ஏப்ரலில் கேம்பிரிட்ஜில் பிறந்தார். ஆறு வயதில் அவருடைய ஞானத் தந்தை ஒரு ஃபுக்சியாச் செடியைத் தொட்டியோடு பரிசாகக் கொடுத்தார். செடிப் பைத்தியம் அங்கிருந்து தொடங்கியதாக அவரே சொல்லிவந்தார். பதினேழு வயதில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டத்தில் சேர்ந்தார். தோட்ட வேலை செய்துகொண்டே வகுப்புகளையும் கேட்கலாம் என்ற ஏற்பாடு அது.

1931இல் சர்ரே மாவட்டத்தில் சோபம் என்ற ஊரில் இருந்த ஹில்லிங் நர்சரியில் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய மொத்த வியாபார நர்சரி. இது முக்கியம். அவர் பணக்காரச் சேகரிப்பாளர் இல்லை, பேராசிரியரும் இல்லை. செடியை ஆயிரக்கணக்கில் பெருக்கி, தோண்டி, கட்டி அனுப்பும் தொழிலாளிகளோடு நின்று வேலை செய்தவர். மேலாளராக உயர்ந்த பிறகும் அந்தப் பார்வை அவரை விடவில்லை.

அதே 1931இல் அருகே வாழ்ந்த தோட்டக்கலை மேதை கெர்ட்ரூட் ஜெகிலைப் பார்க்கப் போனார். அந்த அம்மாவுக்கு அப்போது 87 வயது, கண்பார்வை மங்கிப் போயிருந்தது. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, எதைப் பற்றிப் பேச வேண்டுமோ அதில் ஒரு துண்டு கிள்ளிக்கொண்டு வா, பிறகு தேநீர் குடித்துக்கொண்டு பேசலாம் என்றாராம். அடுத்த ஆண்டே அவர் மறைந்தார். அந்த ஒரு மாலை தாமஸ் மனதில் கடைசிவரை இருந்தது. நாற்பது ஆண்டு கழித்து அவர் போட்ட தோட்டத்தைப் பார்க்கும்போது அந்தக் கிள்ளிய துண்டுகள் எங்கே போயின என்பது தெரியும்.

ரோஜாவுக்கு அவர் வந்தது இதற்கெல்லாம் பிறகுதான். ஹில்லிங்கில் இருந்தபோது பழைய ரோஜாக்களைச் சேர்க்கத் தொடங்கினார். மற்றவர்கள் கைவிட்ட பழைய ரகங்களை வட அயர்லாந்தின் நியூரியில் டெய்சி ஹில் நர்சரி வைத்திருந்தது. மலர் அலங்காரத்தில் பேர் பெற்ற கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை 1930களிலேயே பழைய ரோஜாக்களைச் சேர்த்து வளர்த்தவர். கென்ட் மாவட்டத்துச் சிசிங்ஹர்ஸ்டில் எழுத்தாளர் விட்டா சாக்வில்-வெஸ்ட் தன் தோட்டத்தை அவற்றால் நிரப்பிக்கொண்டிருந்தார். எட்வர்ட் பன்யார்ட் என்ற கென்ட் மாவட்ட நர்சரிக்காரர் 1936இல் பழைய தோட்ட ரோஜாக்கள் பற்றி ஒரு நூலே எழுதியிருந்தார். மூன்றே ஆண்டில், 1939இல், அவர் இறந்துபோனார். இந்த நிகழ்வு எவ்வளவு மெல்லிய நூலில் தொங்கியது என்பதற்கு பன்யார்டின் சாவே போதும். ஆழமாகத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம், அவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள்.

இவர்கள் அத்தனை பேரிடமிருந்தும், பிரெஞ்சுத் தோட்டங்களிலிருந்தும் தாமஸ் செடிகளை வரவழைத்தார். வந்ததைச் சும்மா நட்டு அழகு பார்க்கவில்லை. அடிச்செடியில், அதாவது வேர் தரும் காட்டு ரோஜாவில், மொட்டு ஒட்டுக்கட்டி வரிசை வரிசையாகப் பெருக்கினார். கோடையில் அடிச்செடியின் பட்டையில் ஆங்கில 'டி' எழுத்துப்போல் ஒரு கீறல். வேண்டிய ரகத்திலிருந்து சீவி எடுத்த ஒரு கண்ணை அதில் செருகி ஒரு கட்டு. தேர்ந்த கைக்கு ஒரு நிமிடம்கூட ஆகாத வேலை. ஒரு குச்சியில் ஐந்தாறு கண் இருந்தால் ஐந்தாறு செடி. உலகத்தில் ஒன்றே ஒன்று மிஞ்சிய ரோஜாவைச் சில கோடைகளில் நூறாக்கிவிடலாம். இந்தக் கணக்கு நர்சரிக்காரனுக்குத்தான் உறைக்கும். சேகரிப்பாளன் "என்னிடம் மட்டும்தான் இருக்கிறது" என்று நெஞ்சு நிமிர்த்துவான். நர்சரிக்காரனோ ஒன்றே ஒன்று இருப்பதைப் பார்த்தால் பதறுவான்.

பெயர்களோடு மல்லுக்கட்டு

செடி கிடைத்துவிட்டது, பெருக்கியும் ஆயிற்று. அது எந்த ரோஜா?

இந்த நிகழ்வின் கடினமான பகுதி இதுதான் என்பது என் கருத்து. வந்து சேர்ந்த செடிகளில் பாதிக்குமேல் தப்புப் பெயரோடோ பெயரே இல்லாமலோ வந்தன என்று சொன்னால் பழைய ரோஜா வளர்க்கிற யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். நான் நட்ட நாலு செடியில் இரண்டின் பெயர் அட்டையை மழையில் தொலைத்தவன். நூற்றைம்பது ஆண்டு கை மாறி வந்த செடியின் பெயர் என்ன பாடுபட்டிருக்கும்?

ஒரே ரோஜாவுக்குப் பல பெயர்கள் இருப்பது ஒரு சிக்கல். வெளிறிய இளஞ்சிவப்பு ஆல்பா ஒன்று ஆங்கிலத்தில் 'கிரேட் மெய்டன்ஸ் பிளஷ்', கன்னியின் நாணம். அதே செடிக்குப் பிரெஞ்சில் 'க்யூஸ் த நாம்ஃப்', தேவகன்னியின் தொடை. கூச்சப்பட்டவர்களுக்கு 'லா வெர்ஜினால்' என்று மூன்றாவது பெயரும் உண்டு. மூன்று அட்டவணையில் மூன்று செடியாக நிற்கும். வாங்கி நட்டு மூன்று ஆண்டு காத்திருந்து பார்த்தால் ஒன்றேதான்.

இரண்டு ரோஜாவுக்கு ஒரே பெயர் நிலைத்துப்போவது இன்னும் மோசம். 'ரோசா முண்டி', 'யார்க் அண்ட் லங்காஸ்டர்' ஆகிய இரண்டையும் மக்கள் இன்றும் குழப்பிக்கொள்கிறார்கள். ரோசா முண்டி காலிக்கா குடும்பம். ஒவ்வொரு இதழிலும் சிவப்பும் வெள்ளையும் தூரிகையால் இழுத்ததுபோல் கோடுகோடாக ஓடும். மற்றது டமாஸ்க், ஆளுயரம் வளரும், கோடு கிடையாது. ஒரு பூ முழுக்க இளஞ்சிவப்பு, இன்னொன்று முழுக்க வெள்ளை, வேறொன்றில் இதழுக்கு இதழ் நிறம் மாறும். ஆனால் யார்க், லங்காஸ்டர் என்ற இரு அரச குலங்கள் வெள்ளை ரோஜா, சிவப்பு ரோஜா என்று அடித்துக்கொண்ட போரின் கதை அந்தப் பெயரில் இருக்கிறது அல்லவா, அந்தக் கவர்ச்சியில் கோடு போட்ட ரோஜா எல்லாவற்றுக்கும் அந்தப் பெயரை ஒட்டிவிடுகிறார்கள். ரோசா முண்டியை நிச்சயமாக அடையாளம் காண ஒரு வழி உண்டு. சில வேளை அதில் ஒரு கிளை மட்டும் கோடில்லாத முழுச் சிவப்பில் பூக்கும். அது தன் தாயான 'அஃபிசினாலிஸ்' ரோஜாவுக்குத் திரும்பிவிட்ட கிளை. அதை வெட்டாமல் விட்டால் சில ஆண்டில் செடி முழுக்கத் தாயாகிவிடும்.

பெயர் தேய்வது அங்கே மட்டும் நடந்ததல்ல. நம் நர்சரிக்காரர்கள் ஒட்டுக்கட்ட அடிச்செடியாக வைத்திருக்கும் 'எட்வர்ட்' ரோஜாவை எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஆங்கிலேய மன்னருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இந்தியப் பெருங்கடலின் ரீயூனியன் தீவில், அன்றைய பூர்பன் தீவில், தோன்றிய 'ரோஸ் எடுவார்' தான் அது. பூர்பன் குடும்பத்துக்கே அது மூத்த உறவு.

சரி, தாமஸ் எப்படி அடையாளம் கண்டார்? பூவை வைத்து மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். பூவின் நிறம் மண்ணையும் வெயிலையும் பொறுத்து மாறும். முள் நேராக இருக்கிறதா, கொக்கியாக வளைந்திருக்கிறதா, முள்ளுக்கு நடுவே மயிர் போன்ற சிறுமுட்கள் உண்டா, இலை சாம்பல் பச்சையா பளபளப்பா, புல்லி இதழ் நீண்டு இலைபோல் பிரிகிறதா, காம்பைத் தேய்த்தால் பிசின் மணம் வருகிறதா, ரோஜாக்காய் உருண்டையா குவளையா, இதையெல்லாம் சேர்த்துப் பார்க்க வேண்டும். அப்புறம் பழைய ஓவியங்கள். பிரெஞ்சு ஓவியர் ரெடூத்தே வரைந்த ரோஜா ஓவியங்கள் 1817 முதல் 1824 வரை தொகுதிகளாக வந்தவை. நெப்போலியனின் முதல் மனைவி ஜோசஃபின் பேரரசியின் தோட்டத்தை அப்படியே வரைந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். அந்த ஓவியங்கள் வெளிவரத் தொடங்கியபோது அந்த அம்மா இறந்து மூன்று ஆண்டு ஆகியிருந்தது. பழைய பிரெஞ்சு அட்டவணைகள், பழைய நூல்கள், செடி, மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் வேலை.

தாமஸுக்கு இன்னொரு கருவி இருந்தது: வரையத் தெரியும். பென்சிலிலும் நீர்வண்ணத்திலும் அவர் வரைந்த செடி ஓவியங்கள் அவருடைய நூல்களிலேயே அச்சாகியிருக்கின்றன. ஒரு பூவை வரைய உட்காருகிறவன் அதை ஒரு மணி நேரமாவது பார்த்தாக வேண்டும். மற்றவர்களுக்குத் தப்பிய வேறுபாடுகள் அவர் கண்ணில் பட்டதற்கு இது ஒரு காரணம் என்பேன்.

பெயர் எவ்வளவு தேடியும் கிடைக்காத செடியை என்ன செய்வது? கண்டெடுத்த இடத்தின் பெயரை வைத்துவிடுவார்கள். 'சிசிங்ஹர்ஸ்ட் காசில்' என்ற கருஞ்சிவப்புக் காலிக்கா அப்படிப் பெயர் பெற்றது. 1930இல் விட்டா அந்த இடிந்த மாளிகையை வாங்கியபோது புதருக்குள் உயிரோடு கிடந்த ரோஜா அது. காலிக்காக்கள் வேரிலிருந்து பக்கக்கன்று விட்டுப் பரவக்கூடியவை. வீடு இடிந்தாலும், ஆள் போனாலும், புல்லுக்குள் ஒளிந்துகொண்டு இருக்கும். ஒட்டுக்கட்டிய செடிக்கு அந்தப் பாக்கியம் இல்லை. மேலே உள்ளது செத்தால் கீழே உள்ள காட்டு ரோஜாதான் எழும்.

விற்றதால் பிழைத்தவை

1955இல் தாமஸின் 'தி ஓல்ட் ஷ்ரப் ரோசஸ்' நூல் வெளிவந்தது. கேம்பிரிட்ஜில் ரோஜாக்களின் மரபியலை ஆராய்ந்த சி. சி. ஹர்ஸ்ட் எழுதிய கட்டுரையும் அதில் இருந்தது. ரோஜாக் குடும்பங்கள் எப்படிக் கலந்து பிறந்தன என்பதைக் குரோமோசோம் வரை போய்ப் பேசிய கட்டுரை. 1792க்கும் 1824க்கும் இடையில் வந்த நான்கு சீன ரோஜாக்களே புதிய ரோஜாக்களின் மூத்த தந்தையர் என்ற ஹர்ஸ்டின் கருத்து பொது வாசகர்களிடம் போய்ச் சேர இந்த நூல் பெரிய காரணம். பின்னாள் ஆய்வுகள் ஹர்ஸ்டின் சில முடிவுகளைத் திருத்தியிருக்கின்றன, அது வேறு கதை. 1962இலும் 1965இலும் புதர் ரோஜாக்களுக்கும் கொடி ரோஜாக்களுக்கும் தனித்தனி நூல்கள் எழுதினார்.

நூலைப் படித்துவிட்டு ஆசைப்படுகிறவனுக்குச் செடி எங்கே கிடைக்கும் என்ற கேள்வி இருக்கிறதல்லவா? இங்கேதான் தாமஸின் இடம் தனித்து நிற்கிறது. அவர் எழுதிய ரோஜாக்களை அவர் வேலை செய்த நர்சரியே விற்றது. 1956இல் ஹில்லிங்கை விட்டு சன்னிங்டேல் நர்சரிக்கு மாறினார். ஜேம்ஸ் ரஸ்ஸல் நடத்திய அந்த நர்சரிக்கு ரோஜாச் சேகரிப்பும் கூடவே போயிற்று. நர்சரி அட்டவணையில் ஒவ்வொரு ரகத்துக்கும் உயரம், மணம், நிறம் பற்றி இரண்டு வரி இருக்கும். நான் கேட்டால் அந்த இரண்டு வரிகள்தான் நூல்களைவிடப் பெரிய வேலை செய்தன. விட்டா சாக்வில்-வெஸ்ட் தன் செய்தித்தாள் பத்தியில் ஒரு பழைய ரோஜாவைப் புகழ்ந்தால் வாசகர்கள் கடிதம் போட்டார்கள். கேட்டவர்களுக்குக் கொடுக்கச் செடி இருந்தது. 1865ஆம் ஆண்டு ரோஜாவான 'சூவெனீர் து தொக்தர் ஜாமென்' அப்படித்தான் திரும்பி வந்தது. பழைய நர்சரி ஒன்றில் விட்டா கண்டெடுத்துப் பெருக்கவைத்த கருஞ்சிவப்பு ரோஜா. உச்சி வெயில் பட்டால் இதழ் கருகும், ஆகவே நிழல் பக்கச் சுவரில் ஏற்ற வேண்டும். இந்த மாதிரிப் பக்குவங்களும் செடியோடு சேர்ந்தே பரவின.

சன்னிங்டேலில் தானாக முளைத்த ஒரு கொடி ரோஜாவுக்கு, யார்க்ஷையரில் தோட்டம் வைத்திருந்த ராபர்ட் ஜேம்ஸின் செல்லப்பெயரை இட்டு, 1961இல் 'பாபி ஜேம்ஸ்' என்று வெளியிட்டார். அதே ஆண்டு டேவிட் ஆஸ்டின் என்ற இளம் விவசாயி, 'பெல் இசிஸ்' என்ற பழைய காலிக்காவையும் 'டெய்ன்டி மெய்ட்' என்ற புதிய ரோஜாவையும் கலந்து உருவாக்கிய 'கான்ஸ்டன்ஸ் ஸ்ப்ரை' ரோஜாவும் சன்னிங்டேல் வழியாகவே வெளிவந்தது. பழைய பூவின் வடிவம், ஆனால் ஆண்டுக்கு ஒரே முறை பூக்கும். இந்த முதல் படியிலிருந்துதான் பின்னாளில் ஆங்கில ரோஜாக்கள் என்ற பெரிய வியாபாரமே வளர்ந்தது. பழைய செடிகள் அருங்காட்சியகத்தில் பூட்டிக் கிடந்திருந்தால் அந்த விவசாயிக்குக் காலிக்காவின் மகரந்தம் எங்கிருந்து கிடைத்திருக்கும்?

மாட்டிஸ்ஃபான்ட்

1955 முதல் தாமஸ் நேஷனல் டிரஸ்ட் அமைப்பின் தோட்ட ஆலோசகராகவும் இருந்தார். நாடெங்கும் பரம்பரை மாளிகைகளின் தோட்டங்கள் அந்த அறக்கட்டளையின் கைக்கு வந்துகொண்டிருந்த காலம். அந்தப் பதவியில் அவர் கற்றதில் ஒன்று, தோட்டம் அதன் உரிமையாளருக்குப் பிறகு எப்படிச் சாகிறது என்பதாக இருந்திருக்க வேண்டும். எத்தனை தோட்டங்களில் அதைக் கண்ணால் பார்த்திருப்பார்!

ஹாம்ப்ஷையரில் டெஸ்ட் ஆற்றங்கரையில் மாட்டிஸ்ஃபான்ட் இருக்கிறது. 1201இல் நிறுவப்பட்ட ஒரு மடம், பின்பு மாளிகையானது. மாட் ரஸ்ஸல் அம்மையார் 1957இல் அதை அறக்கட்டளைக்குக் கொடுத்தார். அங்கே உயரமான செங்கல் சுவர் சூழ்ந்த பழைய காய்கறித் தோட்டம் ஒன்று சும்மா கிடந்தது. 1972இல் அந்த இடத்துக்குத் தன் ரோஜாக்களைக் கொண்டுவரும் வேலையை தாமஸ் தொடங்கினார். அப்போது அவருக்கு 63 வயது.

அவர் செய்த வடிவமைப்பைக் கவனித்தால் பழைய ரோஜாவின் குறையை அவர் மறைக்கவில்லை, ஒப்புக்கொண்டார் என்பது தெரியும். ஜூன் முடிந்தால் பூ இல்லை. அப்படியானால் மற்ற மாதங்களில் வருகிறவன் எதைப் பார்ப்பான்? காய்கறித் தோட்டத்தின் பழைய குறுக்குப் பாதைகளை அப்படியே வைத்துக்கொண்டார். நடுவில் வட்டக் குளம், நீரூற்று. பாதையோரம் பாக்ஸ் செடி வேலி. நடுப்பாதையின் இருபுறமும் ரோஜா அல்ல, பல்லாண்டுப் பூச்செடிகள். ரோஜாக்களுக்கு நடுவே வெள்ளை ஃபாக்ஸ்குளோவ் செங்குத்தாக எழும். கவிழ்ந்து தொங்கும் ரோஜாவுக்கு அது முதுகெலும்பு மாதிரி. காலடியில் மணக்கும் பிங்க்ஸ், லாவெண்டர். ஜெகிலின் பாடம் இங்கே தெரிகிறது: எந்தச் செடியும் தனியாக அழகில்லை, பக்கத்தில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. கொடி ரோஜாக்களைச் சுவரில் படர விட்டார். சுவர் நான்கு பக்கமும் இருப்பதால் காற்று அடங்கி மணம் உள்ளேயே நிற்கும். அங்கே போனவர்கள் முதலில் பேசுவது நிறத்தைப் பற்றி அல்ல, மணத்தைப் பற்றி.

1900க்கு முற்பட்ட புதர் ரோஜாக்களின் தேசியச் சேகரிப்பாக அது பின்னர் அங்கீகாரம் பெற்றது. தாமஸுக்கு 1968இல் தோட்டக்கலைக்கான விக்டோரியா பதக்கமும் 1975இல் ஓபிஇ என்ற பிரிட்டிஷ் அரச விருதும் கிடைத்தன.

மற்றவர்கள் ஏன் தோற்றார்கள்

இப்போது தொடக்கக் கேள்விக்கு வரலாம். ஜோசஃபின் 1799இல் பாரிசுக்கு அருகே மால்மேசோன் மாளிகையை வாங்கி, கப்பலில் செடி வரவழைக்கும் அளவுக்குச் செல்வாக்கோடு சேகரித்தவர். 1814இல் அவர் இறந்ததும் தோட்டம் சிதறியது. பாரிசுக்கு அருகே லாய் என்ற ஊரில் ழூல் கிராவெரோ அதற்கு எத்தனையோ மடங்கு பெரிய ரோஜாத் தோட்டம் போட்டார். ஊரே 1914இல் தன் பெயரில் ரோஜாவைச் சேர்த்துக்கொண்டது. அவருடையது பிழைத்தது. 1916இல் அவர் மறைந்த பின், 1930களில் அரசு நிர்வாகம் அதை வாங்கிக்கொண்டதால் பிழைத்தது. மால்மேசோனுக்கு அப்படி ஒரு கை நீளவில்லை. தாமஸ் அந்தக் கைக்காகக் காத்திருக்கவில்லை. தான் உயிரோடு இருக்கும்போதே சேகரிப்பை ஒப்படைத்து, நடவையும் தானே மேற்பார்த்து, அப்புறம் முப்பது ஆண்டு இருந்து அது வேர்பிடிப்பதைப் பார்த்தார். அதற்கு முன்பே கால் நூற்றாண்டு விற்பனையால் அதே ரகங்கள் ஆயிரக்கணக்கான வீட்டுத் தோட்டங்களில் இருந்தன. மாட்டிஸ்ஃபான்ட் எரிந்து போயிருந்தாலும் பெரும்பாலானவற்றைத் திரும்பச் சேர்த்திருக்கலாம்.

ஆனால் இந்த நிகழ்வில் ஒரு கோணல் உண்டு, சொல்லாமல் விட முடியாது. ஒரு மனிதரின் ரசனை வழியாகப் பிழைத்தவை அவர் ரசித்தவையே. தாமஸுக்குப் பிடித்தது மென்மையான ஊதா, ரோஸ், வெள்ளை. கண்ணைக் குத்தும் செம்மஞ்சள் அவருக்கு ஆகாது. அதோடு இங்கிலாந்தின் குளிர் ஒரு சல்லடை. டீ ரோஜாக்கள், சீன ரோஜாக்கள் அந்தக் குளிருக்கு அஞ்சுபவை. அவற்றில் பல வெப்பமான இடங்களில்தான் தப்பின. பெர்முடா தீவில் பெயர் தெரியாத டீ ரோஜாக்களை 'மர்ம ரோஜாக்கள்' என்றே வைத்து அங்குள்ள ரோஜா சங்கத்தினர் வளர்க்கிறார்கள். டெக்சஸில் கல்லறைகளிலும் பாழடைந்த பண்ணை வீடுகளிலும் குச்சி வெட்டிச் சேர்ப்பதையே பொழுதுபோக்காகக் கொண்ட கூட்டம் ஒன்று உண்டு. 'பழைய ரோஜா' என்றதும் நம் கண்முன் காலிக்காவும் சென்டிஃபோலியாவும் மட்டும் வருவதற்கு தாமஸின் நூல்களுக்கும் ஒரு பங்கு இருக்கிறது.

இன்னொன்று. உலகத்தில் பெரும்பாலோருக்கு அவர் பெயர் தெரிவது ஒரு புதிய ரோஜாவால். 1983இல் டேவிட் ஆஸ்டின் வெளியிட்ட 'கிரஹாம் தாமஸ்'. பழைய ரோஜாவின் குவளை வடிவம், ஆனால் அடர் மஞ்சள் நிறம், திரும்பத் திரும்பப் பூக்கும். ஐரோப்பாவின் பழைய குடும்பங்கள் எதிலும் கிடைக்காத நிறம் அது. 2009இல் உலக ரோஜா சங்கங்களின் கூட்டமைப்பு அதைப் புகழ்மிக்க ரோஜாக்களின் வரிசையில் சேர்த்தபோது, அவர் இறந்து ஆறு ஆண்டு ஆகியிருந்தது.

தாமஸ் திருமணம் செய்துகொள்ளவில்லை. பியானோ வாசிப்பார், கூட்டுப்பாடலில் பாடுவார். 94 வயதுவரை வாழ்ந்தார்.

மாட்டிஸ்ஃபான்டில் வேலை இன்னும் நடக்கிறது, நடந்தாக வேண்டும். ரோஜா நின்ற மண்ணில் இன்னொரு ரோஜாவை நட்டால் புதுச்செடி சவலையாகவே இருக்கும். ரோஜா மண்நோய் என்பார்கள். ஆகவே வயதான ஒரு புதரை மாற்ற வேண்டுமானால், அதிலிருந்து கண் எடுத்து ஒட்டுக்கட்டி, கன்று தயாரான பின் பழையதைப் பிடுங்கி, ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்ணைத் தோண்டி வெளியே கொட்டி, ரோஜா பார்க்காத புதுமண் நிரப்பி, பிறகு நட வேண்டும். நட்ட கையோடு பழைய புதரில் கிடந்த பெயர் அட்டையை எடுத்து, எழுத்து சரியாக இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துவிட்டு, புதியதன் அடியில் குத்தி வைக்க வேண்டும்.